சாமியார் வராத வீடு

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் அரியாங்குப்பம் தாண்டி, தவளக்குப்பத்தில் இடது கைப்பக்கம் திரும்பிக் கடலை நோக்கிப் போனால் நல்லவாடு. மீனவர் கிராமம். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டி.வி.யில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்தி வந்த தகவல் மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அலை எத்தனை உயரம், கடலுக்குப் போகலாமா கூடாதா என்று தினமும் சொல்லும் ஒலிபெருக்கி. அன்றைக்கு அது 'ஓடுங்கள்' என்றது. ஓடினார்கள், பிழைத்தார்கள். உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்த கதைதான்.

அதே காலையில் தெற்கே வேளாங்கண்ணிக் கடற்கரையில் 'ஓடுங்கள்' என்று சொல்ல ஆளில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை வேறு. மாதா கோவிலுக்கு வந்தவர்களில் நூற்றுக்கணக்கானவர்களைக் கடல் கொண்டுபோனது.

அவர்களில் ஒருவர், முந்தின வாரம் பெரிய பாவம் ஒன்றைச் செய்துவிட்டு, இன்னும் பாவசங்கீர்த்தனம் செய்யாமலே வந்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கதி என்ன? எனக்கு மோட்சத்திலும் நரகத்திலும் நம்பிக்கை கிடையாது. நான் கத்தோலிக்கனும் இல்லை. ஆனால் நம்புகிறவர்களுக்கு இது உயிர் போகிற கேள்வி. உயிர் போன பிறகும் விடாத கேள்வி.

கத்தோலிக்கத் திருச்சபையிடம் இதற்குப் பதில் இருக்கிறது. பழைய ஞானோபதேசத் தமிழில் அதற்குப் பெயர் உத்தம மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்து அழுதால் அது அற்ப மனஸ்தாபம். அதற்குச் சாமியாரின் மன்னிப்பும் சேர்ந்தால்தான் பாவம் போகும். 'இத்தனை அன்பு வைத்திருந்த கடவுளை நோகடித்துவிட்டேனே' என்று, அன்புக்காகவே அழுதால் அது உத்தமம். அலை தலைக்கு மேலே வரும்போது ஒரே ஒரு கணம் அப்படி அழுதால்கூடப் போதும், சாவான பாவமும் அங்கேயே மன்னிக்கப்படும். ஒரு நிபந்தனை: உயிரோடு கரை சேர்ந்தால் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்ற எண்ணம் அதற்குள் இருக்க வேண்டும். 1551-ல் திரெந்து சங்கம் எழுதி வைத்தது இது. 2020 மார்ச்சில் கொரோனா கதவுகளையெல்லாம் சாத்தியபோது போப் பிரான்சிஸ் இதைத்தான் ஞாபகப்படுத்தினார். சாமியார் கிடைக்கவில்லையா, கடவுளிடம் நேராகப் பேசு, உண்மையாக வருந்து, பிறகு போய் பாவசங்கீர்த்தனம் செய்துகொள் என்றார். கேட்டுக்கொண்டிருந்த பலருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. பாட்டிமார்களுக்கு மட்டும் பழசு. அவர்கள் தினமும் ராத்திரி உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லிவிட்டுத்தானே படுக்கப்போனார்கள்!

நல்ல போதனை. நாஸ்திகனான எனக்கே இதில் ஒரு கருணை தெரிகிறது. ஆனால் அடுத்த வரியைப் படியுங்கள்.

உத்தம மனஸ்தாபத்தால் பாவம் மன்னிக்கப்பட்டுவிட்டது. அலை அடங்கிவிட்டது, ஆளும் பிழைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகிறார். நற்கருணை வாங்கலாமா? கூடாது. முதலில் பாவசங்கீர்த்தனம், பிறகுதான் நற்கருணை. பாவசங்கீர்த்தனத்துக்கு வழியே இல்லாமல், வாங்கியே தீர வேண்டிய கனமான காரணமும் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 916-வது விதி இது.

கடவுளே மன்னித்த பிறகு பந்தியில் உட்காரச் சாமியாரின் சீட்டு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். புரொட்டஸ்டன்ட்காரர்கள் ஐந்நூறு வருடமாகக் கேட்கிறார்கள். கத்தோலிக்கர்கள் சொல்லும் பதில் இதுதான்: பாவம் உனக்கும் கடவுளுக்கும் நடுவே நடக்கிற தனிக் கணக்கு கிடையாது. அது கூட இருக்கிற மனிதர்களையும் காயப்படுத்துகிறது. நற்கருணை என்பது எல்லோரும் ஒரே அப்பத்தில் பங்கு கொள்கிற விருந்து. ஆகவே அந்தக் கூட்டத்தோடு ஒப்புரவாகாமல் அந்த அப்பத்தைத் தொடாதே. இப்போது பாவசங்கீர்த்தனத்துக்கு 'ஒப்புரவு அருட்சாதனம்' என்று புதுப் பெயர் வைத்திருப்பதும் அதனால்தான்.

இந்தப் பதிலை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்டு, அதை வைத்தே ஒரு கேள்வி கேட்கப்போகிறேன். அதற்கு முன் நல்லவாட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பஸ்ஸில் போய்விடக்கூடிய இடத்துக்கு, முந்நூற்றுச் சொச்சம் வருஷம் பின்னால் போய்விட்டு வருவோம்.

1703 நவம்பர். சீனாவுக்குப் போகும் வழியில் போப்பாண்டவரின் தூதர் துர்னோன் என்பவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். உடம்பு சரியில்லாமல் எட்டு மாதம் இங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது. உள்நாட்டில் சேசு சபைச் சாமியார்கள் சாதி வழக்கங்களோடு எப்படி எல்லாம் அனுசரித்துப் போகிறார்கள் என்று விசாரித்தார். 1704 ஜூலை 8-ம் தேதி ஓர் ஆணையை வெளியிட்டார். அதில் ஒரு தடை என்ன தெரியுமா? சாகக் கிடக்கும் பறையர் கிறிஸ்தவர்களின் வீட்டுக்குள் போய்க் கடைசி அருட்சாதனங்களைக் கொடுக்க மறுக்கக் கூடாது!

எதைத் தடை செய்வார்கள்? நடப்பதைத்தான். அந்தக் குடிசைக்குள் நுழைந்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தன்னை விலக்கி வைத்துவிடுவார்கள் என்று சாமியாருக்குப் பயம். ஆகவே நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரச் சொன்னார்கள். தூக்க முடிந்தால் சரி. வழியிலேயே உயிர் போய்விட்டால்? (இதே ஆணையில், மாதவிலக்கு நாட்களில் பெண்களைப் பாவசங்கீர்த்தனத்திலிருந்து விலக்கி வைக்காதீர்கள் என்றும் இருந்தது. ஆக, அதுவும் நடந்திருக்கிறது.)

கடலில் தத்தளிக்கிறவனுக்குச் சாமியார் கிடைக்கவில்லை என்றால் அது இயற்கை. இங்கே சாமியார் இருந்தார். குதிரையோ பல்லக்கோ கூட இருந்திருக்கும். நடந்து போகிற தூரம்தான். உள்ளே ஒருவர் மூச்சு இழுத்துக்கொண்டு 'சாமி வருவாரா' என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாமி வரவில்லை. உத்தம மனஸ்தாபம் என்ற சலுகையை அந்தக் குடிசைக்காரர்கள்தான் எல்லோரையும்விட அதிகம் பயன்படுத்தியிருப்பார்கள் போலிருக்கிறது.

ஆணை வந்ததும் கதவு திறந்துவிட்டதா? அதுதான் இல்லை. சேசு சபையினர் ரோமுக்கு மனு மேல் மனு போட்டார்கள். சாதியை இப்போதே தொட்டால் மதமே போய்விடும் என்றார்கள். வழக்கு நாற்பது வருடம் இழுத்தது. 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஆணையை உறுதி செய்தார். கூடவே ஒரு சமரசம்: பறையர்களுக்கென்று தனிச் சாமியார்களை வைத்துக்கொள்ளலாம். அவர்கள் அந்த வீடுகளுக்குப் போவார்கள், மற்றச் சாமியார்கள் மேல்சாதியினரோடு இருந்துகொள்வார்கள். தீட்டை ஒழிக்கச் சொன்னால், தீட்டுக்கு ஒரு தனி இலாகா ஏற்படுத்திக் கொடுத்தார்கள்!

அடுத்த வருடம், 1745. சம்பாக் கோவில். இன்று மிஷன் வீதியில் நாம் பார்ப்பது 1791-ல் எழும்பிய கட்டடம். அதற்கு முன்பிருந்த கோவிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. அதைப் பறையர்கள் எதிர்த்துக் கேட்டார்கள், சாமியார் சுவரை இடிக்கச் சொன்னார், மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள் என்று ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அப்போது துபாஷாக இருந்த கனகராய முதலி கத்தோலிக்கர். பிள்ளைக்கு அவர் மேல் பிரியம் கிடையாது. ஆகவே இந்தச் சண்டையைக் கொஞ்சம் ரசித்தே எழுதியிருப்பார். ஆனால் சுவர் அவர் கற்பனையில்லை.

'ஏன் சார், 1745-ஐ எல்லாம் தோண்டுகிறீர்கள்?' என்கிறீர்களா? சரி, 2008-க்கு வாருங்கள்.

எறையூர். அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம், இன்றைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம். சபைக் கணக்கில் அன்றும் இன்றும் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம். ஊரில் பெரும்பான்மை வன்னியர் கத்தோலிக்கர்கள், அவர்களோடு தலித் கத்தோலிக்கர்கள். பொதுத் தெரு வழியாகப் பிணத்தைக் கோவிலுக்குக் கொண்டுபோக முடியவில்லை, எங்கள் சகாயமாதா கோவிலையே தனிப் பங்காக்கிக் கொடுங்கள் என்று தலித்துகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9-ம் தேதி அவர்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் வன்னியர் தரப்பில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். அது தவக்காலம். ஈஸ்டருக்கு இரண்டே வாரம். வருடம் முழுக்கப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கள்கூடச் செய்தே ஆக வேண்டிய பருவம்.

எறையூர் தனி ஊர் இல்லை. கும்பகோணம் மறைமாவட்டத்தில் கோட்டப்பாளையம் பங்கின் தலித் கத்தோலிக்கர்கள், பங்குப் பேரவையிலும் திருவிழாவிலும் கல்லறையிலும் தங்களை ஒதுக்கி வைக்கிறார்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதில் நோட்டீஸ் அனுப்பியது. சபையே இதை மறைக்கவில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில், நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று கணக்குக் கொடுத்து, சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் ஒப்புக்கொண்டது. அதற்கும் முன்பே 2003 நவம்பரில், ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதியைப் பற்றி நேரடியாகவே பேசி அனுப்பினார். ஆவணத்துக்கும் அறிக்கைக்கும் பஞ்சமே இல்லை.

இப்போது என் கேள்வி. கத்தோலிக்க ஞானோபதேசப்படி ஒரு பாவம் சாவான பாவமாக மூன்று விஷயம் வேண்டும். காரியம் கனமானதாக இருக்க வேண்டும், செய்கிறவனுக்கு முழு அறிவு இருக்க வேண்டும், முழுச் சம்மதம் இருக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிச் சுவர் எழுப்புகிறார்கள். கமிட்டி கூடுகிறது, எஸ்டிமேட் போடுகிறார்கள், வீட்டுக்கு இத்தனை என்று வரி வசூல் செய்கிறார்கள், கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். இதைவிட முழு அறிவும் முழுச் சம்மதமும் வேறு எந்தப் பாவத்தில் இருக்கும்? ஆத்திரத்தில் அடித்தவன்கூட 'புத்தி மாறிப்போச்சு சாமி' என்று சொல்ல முடியும். சுவர் கட்டியவன் என்ன சொல்வான்? சிமென்ட் மூட்டை தெரியாமல் வந்துவிட்டது என்றா?

காரியம் கனமானதா என்று கேட்கிறவர்கள் பைபிளைத் திறக்கட்டும். தகுதியில்லாமல் இந்த அப்பத்தை உண்ணாதே என்ற போதனைக்குச் சபை காட்டும் ஆதாரம் எது? கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதம், 11-ம் அதிகாரம். அங்கே பவுல் எதற்காகக் கோபப்படுகிறார் என்று நாலைந்து வரி முன்னால் போய்ப் பாருங்கள். யாரோ ரகசியமாகச் செய்த காமக் குற்றத்துக்காக இல்லை. கர்த்தரின் விருந்துக்குக் கூடியபோது, வசதியுள்ளவர்கள் தங்களுக்குள் சாப்பிட்டுவிட்டு, இல்லாதவர்களைப் பசியோடு உட்காரவைத்து அவமானப்படுத்தினார்கள் என்பதற்காக. பந்தியில் பிரிவினை! அந்த அதிகாரத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு, பந்தியில் பிரிவினை செய்கிறவனுக்கே அப்பத்தை நாக்கில் வைப்பது எப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை.

யாருக்கெல்லாம் அப்பம் கிடையாது என்றும் பாருங்கள். எறையூர் போன்ற ஒரு ஊரில் ஒரு பெண், வேறு சாதிப் பையனைக் காதலித்து, இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொள்ளாததால் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொள்கிறாள். கோவிலில் தாலி கட்டவில்லை, ஆகவே அது செல்லாத கல்யாணம், சரிசெய்யும் வரை அவளுக்கு நற்கருணை இல்லை. 'இனி அவள் செத்தாலும் முழிக்க மாட்டேன்' என்று சொன்ன அப்பா? அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்து, வரிசையில் முதல் ஆளாக வந்து வாங்கிக்கொள்கிறார். சட்டப்படி இரண்டுமே சரியாக நடப்பதாகத்தான் ஏற்பாடு.

சட்டத்தில் வழியில்லை என்று சொல்லவே முடியாது. 916-க்கு முந்தின 915-வது விதி, வெளிப்படையான கனமான பாவத்தில் பிடிவாதமாக நிலைத்திருப்பவர்களை நற்கருணைக்கு அனுமதிக்கக் கூடாது என்கிறது. கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தார் என்று 2022 மே மாதம் சான்பிரான்சிஸ்கோ பேராயர், அமெரிக்க நாடாளுமன்றத்தின் அன்றைய சபாநாயகர் நான்சி பெலோசிக்கு நற்கருணை கிடையாது என்று அறிவித்தாரே, அந்த விதியைக் காட்டித்தான். வெளிப்படை, பிடிவாதம் என்ற இரண்டு வார்த்தைக்கும் கல்லறைச் சுவரைவிடப் பொருத்தமான சாட்சி எது?

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜோசப் ரம்மல் என்று ஒரு பேராயர். 1955-ல் ஒரு சிற்றாலயத்தில் பூசை வைக்க வந்த கறுப்பினச் சாமியாரை வெள்ளையர்கள் தடுத்தார்கள். பேராயர் அங்கே பூசையையே நிறுத்திவிட்டார். 1962-ல் கத்தோலிக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்க்க உத்தரவிட்டபோது, எதிர்த்துக் கிளம்பிய மூன்று பேரை, முதலில் எச்சரித்து, கேட்காததால் சபையிலிருந்தே விலக்கினார். அதில் லியாண்டர் பெரெஸ் என்பவர் அந்தப் பக்கத்தில் பெரிய அரசியல் புள்ளி. அந்தப் பெரெஸே பின்னாளில் சபையோடு சமாதானமாகிவிட்டுத்தான் செத்தார். நிறவெறிக்கு நியூ ஆர்லியன்ஸில் செல்லுபடியான சட்டம் சாதிவெறிக்குத் தமிழ்நாட்டில் ஏன் செல்லவில்லை? சட்டம் ரோமில் ஒன்றுதான்.

'இந்துக் கோவிலைக் கேட்பாயா?' என்று இந்நேரம் சிலர் கடிதம் எழுத உட்கார்ந்திருப்பார்கள். கேட்பேன். தலித்துகள் உள்ளே வந்ததற்காக விழுப்புரம் பக்கத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோவிலுக்கே 2023-ல் அதிகாரிகள் சீல் வைக்கும் அளவுக்குப் போனதே, அதைவிட அசிங்கம் என்ன இருக்கிறது! ஆனால் அந்த ஊர்க்காரர்கள், எல்லோரும் ஒரே அப்பம் என்று எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை. இவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவனிடம்தானே எழுத்தைக் காட்டிக் கேட்க முடியும்?

இன்னொரு பதிலும் எனக்குத் தெரியும். 'மெதுவாகத்தான் மாறும், திடீரென்று கை வைத்தால் ஜனங்கள் வேறு சபைக்குப் போய்விடுவார்கள்.' 1704-ல் ரோமுக்குப் போன மனுவிலும் சாரம் இதுதான். முந்நூற்று இருபது வருடம் மெதுவாகவே போய்க்கொண்டிருக்கிறோம். தலித்துகள் பக்கம் நின்று சொந்தப் பங்கு மக்களிடமே அடியும் வசவும் வாங்கிய சாமியார்கள் உண்டு, அவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் தனி ஆளாக நின்றார்கள் என்பதுதான் என் புகாரே. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் எல்லாச் சாமியார்களும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தச் சாமியார்கள் அடி வாங்கியிருக்க மாட்டார்கள்.

மனஸ்தாபம் என்றால் வருத்தம் மட்டும் இல்லை. 'இனிமேல் செய்ய மாட்டேன்' என்ற பிரதிக்கினை இல்லாத மனஸ்தாபம் செல்லாது, அற்பமும் செல்லாது உத்தமமும் செல்லாது. கெடுத்ததைச் சரிசெய்யவும் வேண்டும். திருடியிருந்தால் திருப்பிக் கொடு, அவதூறு சொல்லியிருந்தால் போய் மறுத்துச் சொல். பி.காம். படித்த புத்திக்கு இது சட்டென்று விளங்குகிறது. கடனை அடைக்காமல் பேரேட்டில் 'மிகவும் வருந்துகிறேன்' என்று எழுதி வைத்தால் எந்த ஆடிட்டரும் கணக்கை முடிக்க மாட்டார். சுவர் நிற்கும்வரை பாக்கியும் நிற்கிறது. அடுத்த ஞாயிறும் அதே சுவர், அதே ஆள், அதே நற்கருணை என்றால் எங்கே பிரதிக்கினை?

நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. யாரையும் நாளைக்கே விலக்கி வைக்கச் சொல்லவும் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் ஆத்தும சோதனை செய்ய ஜெபப் புத்தகங்களில் ஒரு கேள்விப் பட்டியல் போட்டிருப்பார்கள். ஞாயிறு பூசைக்குப் போகாமல் இருந்தாயா, பெற்றோருக்குக் கீழ்ப்படிந்தாயா, பொய் சொன்னாயா, அசுத்த நினைவுக்கு இடம் கொடுத்தாயா என்று கேட்டுக்கொண்டே போகும். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவரிடம் ஒரு நாள் இரவல் வாங்குங்கள். 'சாதி பார்த்தாயா' என்ற கேள்வி அதில் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். இருந்தால் அந்தப் புத்தகத்தின் பெயரை இதே பக்கத்தில் போடுகிறேன். இல்லையென்றால் தபால் செலவைப் பார்க்காமல் இன்னொரு கடிதத்தையும் எழுதி, உங்கள் மறைமாவட்ட ஆயருக்கே அனுப்பிவிடுங்கள்.